மேலே யாரும் இல்லை என்று சொன்ன திரை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆயுத பூஜை அன்று காலையில் எங்கள் அலுவலகத்துச் சர்வரை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள்.

2. அதே தகவல்களின் நகலை வைத்திருந்த மற்ற இரண்டு சர்வர்களும் தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வேலைக்குத் தயாராக நின்றன.

3. எங்கள் ஆப் அந்த இரண்டையும் கேட்கவே இல்லை. மாலை போட்ட சர்வரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

4. பதில் வராதபோதெல்லாம் திரையில் “மேலே காத்திருப்போர்: யாரும் இல்லை” என்று காட்டியது.

5. அதை நம்பி, கடைசி ஜீப் மலைமேல் போடிமெட்டுக்கு ஏறாமல், பூஜைக்கு ஜோடிக்கப் போய்விட்டது.

6. மேலே இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இருட்டப் போகிறதே என்று நடக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

7. ஜீப் ஸ்டாண்டில் பெயர் பதியும் அக்கா ஒழுங்காகப் பதியவில்லை என்று சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

ஏழாவதற்கும் முதல் ஆறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது போடியில், பழைய ஜீப் காண்டிராக்டர் ஒருவரின் அலுவலகத்தில். போடியிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடுவதுதான் அவர் தொழில். காலையில் ஏறியவர்கள் எல்லாரும் இறங்கினார்களா என்று ஒவ்வொரு நாளும் சந்தேகம் வரும். ஏலப்பழம் பறிக்கும் சரிவு ஒன்று, எடை போடும் இடம் இன்னொன்று, ஜீப் நிற்கும் இடம் வேறொன்று. மஞ்சு, அதாவது பனிமூட்டம், இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவளின் முகம்கூடத் தெரியாது. அதற்காகத்தான் நான் அந்த ஆப்பை எழுதினேன். காலையில் ஏறும்போது ஒவ்வொரு பெயரையும் அக்கா போனில் தொடுவார். சாயங்காலம் இறங்கும்போது மறுபடியும் தொடுவார். யாருடைய பெயர் மிச்சம் இருக்கிறதோ அவர்களுக்காகக் கடைசி ஜீப் மேலே போக வேண்டும்.

அக்கா முன்பு தானே தோட்டத்துக்குப் போய்வந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு ஸ்டாண்டு வேலைக்கு வந்தார். அவருக்கு அந்த வேலை பிடிக்கும். காலையில் அவரைச் சுற்றிப் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். “எம் பேரை நல்லா அமுக்கு, மேலேயே விட்டுட்டுப் போயிறப் போறாய்ங்க” என்பாள் ஒருத்தி. “ஒன்னைய விட்டுட்டு வந்தா ஒம் புருசன் எனக்குச் சேலை எடுத்துக் குடுப்பான்டி” என்பார் அக்கா. இந்தப் பேச்செல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. அக்கா தொட்டால் பெயர் ஏறும், பெயர் ஏறினால் ஜீப் வரும்.

அந்த நம்பிக்கைக்குக் கீழே என் வேலை இருந்தது. சர்வர் ஒன்றுதான் என்றால், கரண்ட் போனாலோ இணையம் அறுந்தாலோ எல்லாம் நின்றுவிடும். எனவே மூன்று வைத்தோம். ஒன்று அலுவலகத்தில், இன்னொன்று முதலாளியின் ஏலக்காய் குடோனில், மூன்றாவது மதுரையில் வாடகைக்கு. மூன்றிலும் ஒரே தகவல். ஒன்று தலைமை, எழுதுவதெல்லாம் அதில்தான். மற்ற இரண்டும் அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளும். தலைமை விழுந்துவிட்டால் மீதி இரண்டும் ஓட்டுப் போட்டுத் தங்களில் ஒன்றைத் தலைமையாக்கிக்கொள்ளும். யாரும் ஓடிவந்து எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் இதெல்லாம் சர்வர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆப்புக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எனவே ஆப்பின் கோடில், அதாவது நிரலில், சர்வரோடு இணைக்கும் வரியில், மூன்று சர்வர்களின் பெயரையும் மூன்றும் சேர்ந்த குழுவின் பெயரையும் எழுதினேன். இந்த மூன்றில் இப்போது யார் தலைமை என்று கேட்டு அவரிடம் போ என்பதுதான் அந்த வரியின் பொருள். தலைமை மாறும் அந்தச் சிறு இடைவெளியில் எழுத முடியாமல் போனால் இன்னொரு முறை முயலச் சொன்னேன். குறைந்தது இரண்டு சர்வர்களில் பதிவான பிறகே அக்காவின் போனில் பச்சைக் குறி வரும்படி செய்தேன். சர்வரை அணைத்து அணைத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வேலை செய்தது.

பூஜைக்குச் சில நாள் முன்பு முதலாளி கேட்டார். “ஏத்தா, பூசையில வச்ச ஆயுதத்தை மறுநாள் எடுக்குற வரைக்கும் தொடக்கூடாதுல்ல. இந்த மிசினையும் அமத்திப்புட்டு வைக்கலாமா?”

“வைக்கலாம்ண்ணே. மத்த ரெண்டும் பாத்துக்கிரும். ஆனா குடோன்ல உள்ளதைத் தொடாதீங்க. ரெண்டை ஒரே நேரத்துல அமத்துனா மிச்சமிருக்கிறது ஒத்தையா ஓட்டுப் போட்டுத் தலைமையாக முடியாது.”

“ஓட்டா? எந்தக் கட்சிக்கு?” என்று சிரித்தார். ஆனால் சொன்னதைக் கேட்டார். குடோன் சர்வரை அணைக்காமல், அதன் மேல் ஒரு பொட்டு வைத்ததோடு சரி.

அணைக்கலாம் என்று சொன்னது நான். என் கோடை நம்பிச் சொன்னேன். பூஜை வருவதற்குள் அது என் கோடாக இருக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாது.

முதலாளியின் மாப்பிள்ளை கோயம்புத்தூரில் கணினி படித்தவர். தலைத் தீபாவளிகூட இன்னும் ஆகவில்லை. மாமனார் வீட்டுக்கு வந்திருந்தபோது, சும்மா இருக்க வேண்டாமே என்று எங்கள் கோடைப் பார்க்கத் தொடங்கினார். அந்தச் சமயத்தில் நான் உறவுக்காரர் கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தேன். அவர் வீட்டிலிருந்து இணைத்துப் பார்த்திருக்கிறார். நான் எழுதிய சர்வர் பெயர்கள் அலுவலக நெட்வொர்க்குக்கும், அதில் சேர்த்துவைத்த ஸ்டாண்டுப் போன்களுக்கும் என் லேப்டாப்புக்கும் மட்டும் தெரிந்தவை. வெளியிலிருந்து கேட்டால் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றுதான் பதில் வரும். வந்தது. ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் மூன்று பெயரையும் குழுப் பெயரையும் அழித்துவிட்டு, அலுவலகச் சர்வரின் வெளி முகவரியை மட்டும் போட்டு, நேரடியாக இதற்கே போ என்று எழுதினார். அவருக்கு வேலை செய்தது. அப்படியே எல்லாருக்கும் போய்ச் சேரும்படி ஏற்றிவிட்டார். மாற்றத்துக்கு அவர் எழுதியிருந்த குறிப்பு ஒரே சொல்: “சரிசெய்தேன்.”

கூடவே இன்னொன்றும். தோட்டங்களை நடத்தும் எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கும்போது திரையில் சிவப்புச் சிவப்பாகப் பிழை காட்டினால் கவுரவக் குறைச்சல் என்று முதலாளி எப்போதோ சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அதையும் நிறைவேற்றி வைத்தார். சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால், பிழை என்று சொல்லாமல் காலிப் பட்டியலைக் காட்டு. காலிப் பட்டியலுக்கு நான் எழுதிவைத்திருந்த வாசகம் “யாரும் இல்லை.”

தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. ஒரு மலைச்சரிவில் ஆள் நிற்கிறாளா என்று கேட்கும் இடத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக்க ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பூஜை அன்று தோட்டத்தில் அரை நாள் வேலை. காலையில் அக்கா பெயர்களைத் தொடத் தொட, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சைக் குறி வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே பூஜைக்குத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டார். “சிக்னல் பிரச்சினைக்கா. அமுக்கிட்டே இருங்க, ஏறிக்கிரும்” என்றார். அக்கா அமுக்கிக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் ஜீப்புகள் இறங்கின. பூஜைக்கு வண்டிகளை ஜோடிக்கும் அவசரத்தில் யார் யாரோ எந்த எந்த ஜீப்பிலோ ஏறி வந்தார்கள். அதனால் அந்த இருவரின் வழக்கமான டிரைவர், அவர்கள் வேறு வண்டியில் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவர்களோ தூரத்துச் சரிவில் பழம் எடுத்துவிட்டு எடைக்கு வரிசையில் நின்றிருந்தார்கள்.

இறக்கம் பதிவதற்கும் வட்டம்தான் சுற்றியது. அக்கா மறுபடி மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவர் தன் போனில் பார்த்துவிட்டுச் சொன்னார்: “யாரும் இல்லைன்னு காட்டுது பாருங்க. எல்லாரும் எறங்கியாச்சு. போயி வீட்டுல பூசையைப் பாருங்கக்கா.” கடைசி ஜீப்காரரும் அதே திரையைத்தான் பார்த்தார். வாழைக்கன்று கட்டப் போய்விட்டார்.

பொழுது சாயும்போது, லீவில் வீட்டில் இருந்த எனக்கு அக்கா போன் செய்தார். குரல் சரியில்லை.

“பாப்பா, ஒன் ஆப்பு பொய் சொல்லுமா?”

“என்னக்கா?”

“அது யாருமே மேல இல்லைங்குது. இங்க ரெண்டு வீட்டுக்காரவுக வாசல்ல வந்து நிக்கிறாக, எங்க ஆளு எங்கன்னு.”

லேப்டாப்பைத் திறந்தேன். மதுரைச் சர்வர் தலைமையேற்று, குடோன் சர்வர் அதன் பின்னால், இரண்டும் நலமாக இருந்தன. காலையிலிருந்து ஒரு பெயர்கூட அவற்றுக்கு வரவில்லை. கோடைப் பார்த்தேன். வரி மாறியிருந்தது. முதலில் கடைசி ஜீப்காரருக்குப் போன் போட்டேன். பிறகு அந்த வரியைத் திருத்தினேன். வாழைக்கன்றும் மாலையுமாக அந்த ஜீப் மலை ஏறியது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில், மழையில் நனைந்தபடி இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாளாம்.

தவறு எல்லாருக்கும் வரும். வெளியிலிருந்து இணைத்துப் பார்க்கும்போது பெயர் கிடைக்காமல் தடுமாறாதவர்கள் இந்த வேலையில் யாரும் இல்லை. மாப்பிள்ளை அன்றே, நான்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் கூடினோம். முதலாளி, மாப்பிள்ளை, நான், அக்கா. மாப்பிள்ளைக்கு நாற்காலி, டீ. அக்கா நின்றார்.

“நெட்வொர்க் பிரச்சினை மாமா. அதோட அந்தக்கா சரியா அமுக்கல போல” என்றார் மாப்பிள்ளை.

“காலையில இருந்து எம் பெருவிரலு தேஞ்சுபோச்சு” என்றார் அக்கா. “நீங்கதான தம்பி அமுக்குங்க அமுக்குங்கன்னீக.”

நான் பேச்சை நீட்டவில்லை. இரண்டு போன்களை மேசையில் வைத்தேன். ஒன்றில் மாப்பிள்ளை மாற்றிய கோடு, இன்னொன்றில் என்னுடையது. சோதனைக்காக ஒரு பெயரைப் பதிந்தேன். இரண்டிலும் “மேலே ஒருவர்” என்று வந்தது. பிறகு முதலாளியையே எழுந்து போய்ச் சர்வரை அணைக்கச் சொன்னேன். என் போன் கொஞ்சம் தயங்கியது. பிறகு “மேலே ஒருவர்” என்றது. மாப்பிள்ளையின் கோடு “யாரும் இல்லை” என்றது.

முதலாளி இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு காலத்தில் தானே ஜீப் ஓட்டியவர். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

“மாப்ள, நீங்க போயி டிபன் சாப்பிடுங்க” என்றார். அவர் போன பிறகு என்னிடம் திரும்பினார். “புரியுதாத்தா. ஒரு டிரைவரு இல்லைன்னா அடுத்த டிரைவரைக் கேக்கணும், இது கேக்கல. ஆனா இப்ப எஸ்டேட்டுல எழுதிக் கேக்குறாக. மாப்ளை மேல தப்புன்னு எழுதிப்புட்டு எம் மக வீட்டு வாசல்ல நான் எப்படிப் போயி நிப்பேன்?”

“யார் பேரும் வேணாம்ண்ணே. கோடுல ஒரு வரி தப்பாயிருந்துச்சு, திருத்தியாச்சுன்னு எழுதுவோம். அக்கா மேல தப்பில்லைன்னும் எழுதுவோம்.”

“கோடு எழுதுறது யாரு? ஒண்ணு நீ, ஒண்ணு அவரு. அவரு இல்லைன்னா நீயின்னு ஆகிரும். ஒம் மேல போட்டுறவா?”

நான் பதில் சொல்லும் முன் அக்கா பேசினார். “பாப்பா மேல எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல. இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க, லோடு தாங்கும்.”

முதலாளி அவர் பக்கம் பார்க்கவே இல்லை. “ஒரு ரெண்டு மாசம் வீட்டுல இரும்மா. சூடு ஆறட்டும். ஆளை மாத்திட்டோம்னு எஸ்டேட்டுக்குச் சொல்லியாச்சு” என்றார் சுவரைப் பார்த்து.

ஆளை மாற்றினார்கள். இணைக்கும் வரியை மாற்றியவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், வட்டம் சுற்றிய போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வேலையை இழந்தார். மகளைக் கட்டிக்கொண்டவரைத் தப்பு சொல்லக்கூடாது என்ற மரியாதை எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. என் வீட்டிலும் உண்டு. சம்பந்தி வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினாலும் பேசாமல் சாப்பிடுகிற மரியாதை அது. அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். மலையில் ஆளை விட்டுவிட்டு வந்த கணக்கையும் அதில் சேர்த்து, விலையை மட்டும் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது மரியாதையில் சேராது.

அக்காவுக்கு வேலை போனதைவிட ஸ்டாண்டில் பெயர் போனதுதான் பெரிதாக இருந்தது. கைமுறிந்த பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார். “நீ ஒழுங்கா அமுக்கியிருந்தா நான் ஏன் நடக்கப்போறேன்” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அவர்கள் இருவரும் ஒரே சரிவில் வருஷக்கணக்கில் பழம் எடுத்தவர்கள்.

ஒருநாள் காலையில் நானே ஸ்டாண்டுக்குப் போனேன். பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தப்பு ஆப்பில்தான், அக்கா மேல் இல்லை என்று சொன்னேன். கைமுறிந்தவளின் தங்கை ஜீப்பின் பின்படியில் நின்றபடி கேட்டாள்.

“மிசினு மேல சொன்னா மிசினு வந்து ரோசப்படவா போகுது?”

“உண்மையாத்தான் சொல்றேன். நான்தான் சோதிச்சுப் பாத்தேன்.”

“சரி. மிசினுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தது யாரு?”

“எங்க ஆபீஸு.”

“ஆபீஸுன்னா? அதுக்குக் கை காலு இருக்கா?” மற்றவர்கள் சிரித்தார்கள். “ஒங்க மொதலாளி வந்து சொல்லட்டும், நம்புறோம். நீயி அந்தக்காவுக்குச் செல்லப்புள்ள, நீயி சொல்லத்தான் செய்வ. ஏண்ணே, வெரசா எடுங்க, மழை வருது.”

ஜீப் கிளம்பிவிட்டது. அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் பெயரை விழுங்கினேன், அவள் அதைக் கண்டுகொண்டாள்.

அன்றே எஸ்டேட்டுக்கு நான் அறிக்கை எழுதினேன். சர்வர்கள் விழவில்லை, தலைமை மாறும் ஏற்பாடு சரியாக வேலை செய்தது, ஆப்பை ஒரே சர்வரோடு கட்டிய கோடு மாற்றமே காரணம், பதில் வராததை ஆள் இல்லை என்று காட்டியது இரண்டாவது காரணம், பெயர் பதிந்தவர் தன் வேலையை முழுதாகச் செய்தார். மாற்றியவரின் பெயரும் எழுதினேன். முதலாளிக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டு, என் மேசையைக் காலிசெய்யச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கோடு தெரிந்த இன்னொருவர் கோயம்புத்தூர் திரும்பிப் போயிருந்தார்.

எஸ்டேட் மேனேஜர் போன் செய்தார். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. “அப்போ அந்தச் சேச்சி ஒண்ணும் செஞ்சிட்டில்ல, அல்லே?”

“இல்ல சார்.”

“பின்னே எந்தினா, எதுக்கு மாத்தியது?”

“நீங்க அதை முதலாளிக்கிட்டதான் கேக்கணும் சார்.”

கேட்டிருக்கிறார். அந்த வாரமே கடைசி ஜீப்காரர் மூலம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று. அக்கா என்னிடம் சொல்லும்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வாங்குறாக, சந்தோசம். ஆனா எதுக்கு நிப்பாட்டுனாக, எதுக்குக் கூப்பிடுறாகன்னு ஒருத்தருஞ் சொல்லலியே. நான் போயி நின்னா என்ன பேசுவாளுக? கெஞ்சிக் கூத்தாடி வந்துட்டாம்பாளுக. அவரு ஸ்டாண்டுக்கு வரட்டும். அத்தனை பேரு முன்னால, இந்தம்மா மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மாப்ளை பேரைக்கூடச் சொல்ல வேணாம். நான் அடுத்த நிமிசம் போனை வாங்கிக்கிர்றேன்.”

இதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். “பாக்கலாம்த்தா” என்றார்.

இப்போதைய நிலை இது. கோடில் மூன்று சர்வர்களின் பெயரும் குழுவின் பெயரும் இருக்கின்றன. அந்த வரியை மாற்ற வேண்டுமானால் நான் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பதில் வராதபோது திரை சிவப்பாகி “தெரியவில்லை, ஜீப்பை அனுப்பவும்” என்கிறது. மணிக்கட்டு முறிந்த பெண் இன்னும் மலைக்குப் போகத் தொடங்கவில்லை. ஸ்டாண்டில் இப்போது டிரைவர்களே மாறி மாறிப் பெயர் பதிகிறார்கள். முதலாளி இன்னும் ஸ்டாண்டுக்கு வந்து எதுவும் சொல்லவில்லை. அக்கா வேலைக்குத் திரும்பவில்லை.